தத்திங்கிணதொம் கேட்டு அமுக்கு

கும்பகோணம்

அன்புள்ள கயலுக்கு,

அப்பா எழுதுவது. போனில் நீ கேட்டதற்கு அன்றைக்கே பதில் சொல்லியிருப்பேன். அதற்குள் உன் அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டாள், பேச்சு மாப்பிள்ளையின் கொலஸ்ட்ராலுக்குப் போய்விட்டது. அதனால்தான் இந்தக் கடிதம்.

டொராண்டோவில் உன் தோழியின் மகளுக்குப் பரதநாட்டிய அரங்கேற்றம், படம் எடுப்பது நீ. "எந்த லென்ஸ் வாங்கட்டும்?" என்று கேட்டாய். லென்ஸ் அப்புறம். முதலில் அந்தப் பெண்ணின் ஒத்திகைக்கு இரண்டு முறை போய், கேமரா இல்லாமல் ஒரு மூலையில் உட்கார். ஆட்டத்தைப் பார்க்காவிட்டாலும் பரவாயில்லை, குரு தாளம் தட்டிச் சொற்கட்டு சொல்வாரே, அந்த நட்டுவாங்கத்தைக் கேள். தீர்மானம், அதாவது ஓர் ஆட்டப் பகுதியை முடித்துவைக்கும் அடவுக் கோவை, முடிகிற இடத்தில் "தத்திங்கிணதொம்" மூன்று தரம் வரும். மூன்றாவது "தொம்"மில் கை, கால், கழுத்து, கண் எல்லாம் ஒன்றாக வந்து நிற்கும். கண்ணிமைக்கிற நேரம்தான். அதைக் கண்ணால் பார்த்துவிட்டு அமுக்கினால் தோள் தளர்ந்த படம்தான் கிடைக்கும். இரண்டாவது முடிந்ததுமே விரல் தயாராக இருக்க வேண்டும். சின்ன வயதில் உன்னைப் பாட்டு வகுப்புக்கு அனுப்பி ஆதி தாளம் போட வைத்தபோது அழுதாயே, அது இப்போது உதவும்.

ஜதி, அதாவது சொற்கட்டுக்கு ஆடும் வேக ஆட்டம், ஓடும்போது ஷட்டர் வேகம் 1/500 வினாடிக்குக் கீழே இறங்காதே. பாவம் காட்டும் அபிநயத்துக்கு 1/160 போதும். அங்கே உடம்பு அதிகம் ஓடாது, கண்தான் பேசும். வர்ணம்தான் நிகழ்ச்சியிலேயே பெரிய உருப்படி, அரை மணிக்கு மேலும் போகும். அதில் ஜதியும் அபிநயமும் மாறி மாறி வரும், அசந்துவிடாதே. முழங்காலை மடித்து அரைமண்டியில் உட்காரும்போது உடையின் விசிறி மடிப்பு முழுசாக விரியும், அதைப் பாதம் வரை எடு. கால் விரல் வெட்டுப்பட்ட படத்தை எந்தக் குருவும் ஒத்துக்கொள்ள மாட்டார், முகம் எவ்வளவு அழகாக வந்திருந்தாலும் சரி. இப்போது மேடையெல்லாம் எல்இடி விளக்கு. சிவப்பைக் கொட்டினார்களானால் முகத்தில் மூக்கு எது கன்னம் எது என்று தெரியாது. விளக்குக்காரரிடம் முன்கூட்டியே நல்லபடியாகப் பேசி வை. சத்தமில்லாத ஷட்டரை நம்பி எடுத்தால் சில விளக்குகளில் படம் முழுக்கக் கோடு விழும், அதையும் ஒத்திகையிலேயே சோதித்துப் பார்.

ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். இதைச் சொல்ல எனக்கு ஒரு காரணம் உண்டு. உன்னிடம் சொன்னதில்லை.

நீ பிறப்பதற்கு முன்னால், ஒரு நரசிம்ம ஜயந்திக்கு மெலட்டூர் போயிருந்தேன். அங்கே வரதராஜப் பெருமாள் சன்னதிக்கு எதிரே பாகவத மேளா நடக்கும், தெரியுமல்லவா? வெங்கடராம சாஸ்திரி எழுதிய தெலுங்கு நாடகம், பிரகலாத சரித்திரம். பெண் வேஷமும் ஆண்களே கட்டுவார்கள். இரவு தொடங்கினால் விடியற்காலையில்தான் நரசிம்மர் வருவார். அந்த முகமூடி வேஷப் பெட்டியில் கிடக்கிற சாமான் இல்லை, பூஜையில் இருப்பது. அதைக் கட்டுகிறவர் விரதம் இருந்துதான் கட்டுவார். இதெல்லாம் எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தும், 36 படச் சுருளில் நாலே நாலு மிச்சம் இருக்கிறதே என்ற பதற்றம். தூண் பிளந்து அவர் வெளியே வருகிறார், ஆவேசத்தில் இருக்கிறவரைச் சுற்றி ஆட்கள் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள், கூட்டம் எழுந்து கும்பிடுகிறது. நான் பளீரென்று ஒரு ஃபிளாஷ் அடித்தேன்.

பக்கத்தில் இருந்த பெரியவர் ஒருவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து என் ஃபிளாஷ் மேல் போட்டு மூடினார். திட்டவில்லை, என் பக்கம் திரும்பவும் இல்லை. கும்பிட்ட கையை மறுபடி கூப்பிக்கொண்டார்.

ஸ்டுடியோவுக்கு வந்து கழுவிப் பார்த்தேன். படம் கூர்மையாகத்தான் இருந்தது. சாயம் பூசிய ஒரு முகமூடி, அதைப் பிடித்துக்கொண்டு வியர்த்த நாலு பேர். அங்கே நான் பார்த்த முகம் அதில் இல்லை. மீதி மூன்று படத்தையும் நான் எடுக்கவில்லை. அந்த மூன்றும் காலியாகவே சுருளைக் கழுவியிருந்தேன்.

அரங்கேற்றத்தன்று மேடை ஓரத்தில் நடராஜர் இருப்பார், பூஜை நடக்கும், குரு சலங்கையை எடுத்துக் கொடுப்பார், பெண் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். அதை எடுக்கலாமா என்று முதல் நாளே குருவிடம் கேள். எடுக்கலாம் என்றால் செருப்பைக் கழற்றிவிட்டுத் தள்ளி நின்று இரண்டு படம், போதும். தொகுப்பாளர் "ஈராயிரம் ஆண்டு தெய்வக் கலை" என்று ஆரம்பிப்பார். தலையாட்டிவிட்டுப் போ. மேடையில் நடராஜரை வைக்கும் வழக்கம் கலாக்ஷேத்ராவைத் தொடங்கிய ருக்மிணி தேவி காலத்தில், கச்சேரி மேடைக்கு ஆட்டம் வந்தபோது வேரூன்றியது. கோயிலில் ஆடிய பெண்கள் பொட்டுக்கட்டிக் கடவுளுக்கு நேர்ந்துவிடப்பட்டவர்கள், அந்த வழக்கத்தை 1947இல் சென்னை மாகாணச் சட்டம் தடுத்தது. அவர்களிடம் கற்ற ஆட்டம் மேடையேறியது, அவர்களில் பலர் ஏறவில்லை. இதைச் சொன்னால் உன் அம்மாவுக்குப் பிடிக்காது, சண்டைக்கு வருவாள்.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் தளிச்சேரிப் பெண்டுகள், அதாவது கோயில் பணிக்கு அமர்த்திய ஆடல் பெண்கள், 400 பேரின் பெயரும், எந்தத் தெருவில் எந்த வீடு என்பதும் இருக்கிறது. ஆளுக்கு வருஷம் நூறு கலம் நெல். முகம்தான் கிடையாது. அதே கோயில் விமானத்தின் மேல் தளத்தில் கரணங்கள் எனும் நாட்டிய நிலைகள் 108இல் 81தான் செதுக்கியிருக்கிறார்கள், மீதி 27 கல் வெறுமையாக நிற்கிறது. ஏன் நிறுத்தினார்கள் என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். வெள்ளைக்காரன் காலத்துப் புகைப்படங்களில் இதற்கு நேர்மாறு. நகையும் சேலையுமாக முகம் தெளிவாக இருக்கும், கீழே "நாட்டியக்காரி" என்று மட்டும் போட்டிருக்கும், பெரும்பாலும் பெயர் இருக்காது. நான் மட்டும் என்ன, நம் ஸ்டுடியோ நெகட்டிவ் டப்பாவில் எத்தனையோ மிருதங்கக்காரர்கள் இருக்கிறார்கள், ஒருவர் பேரையும் நான் எழுதி வைக்கவில்லை. நீ எழுதிவிடு. பாடினவர், நட்டுவாங்கம், மிருதங்கம், வயலின், ஒப்பனை செய்தவர் வரைக்கும். பெயரைக் கேட்டு எழுது, எழுத்துப் பிழை வராமல்.

லென்ஸ் விஷயம். 70-200 மி.மீ. ஜூம், குறைந்த வெளிச்சத்துக்கும் தாங்கும் எஃப் 2.8. அங்கே வாடகைக்குக் கிடைக்குமென்றால் எடுத்துக்கொள், ஒரு நாள் வேலைக்கு அவ்வளவு விலை கொடுக்காதே. கேமராவின் ஒளியுணர்வை, அதுதான் ஐஎஸ்ஓ, 3200 வைக்கப் பயப்படாதே. புள்ளி புள்ளியாக வந்தால் வரட்டும்.

படங்களைப் போனில் அனுப்பாதே, எனக்குக் கண் சரியில்லை. பத்து மட்டும் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, டிசம்பரில் வரும்போது கொண்டு வா.

அன்புடன்,
அப்பா

மெலட்டூர் படம் இன்னும் இருக்கிறது, உன் பழைய பள்ளிக்கூட டிரங்குப் பெட்டியில், கீழே.