அப்பப்பாவின் பி.எஸ்.ஏ. பற்றி மகளுக்கு ஒரு கடிதம்

உப்புவெளி,
திருகோணமலை.

அன்புள்ள மகளுக்கு,

நானும் அம்மாவும் நலமாக இருக்கிறோம். ரொறன்ரோவில் நீயும் மருமகனும் பேரனும் நலமாக இருக்கப் பத்திரகாளி அம்பாள் துணை நிற்பாள். நான் திருத்தி முடித்த அப்பப்பாவின் பி.எஸ்.ஏ. மோட்டார் சைக்கிளை, சென்ற ஞாயிற்றுக்கிழமை நான் அனுப்பிய படத்தில் பார்த்துவிட்டு, "அப்பா, இது அப்பப்பாவின் வண்டியே இல்லை, பழையபடி செய்வீர்கள் என்றல்லவா நினைத்தேன்" என்று நீ சொன்னதும், நான் மறுமொழி எதுவும் சொல்லாமல் தொலைபேசியை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். கோபத்தில் அப்படிச் செய்யவில்லை. தொலைபேசியில் சொல்லி முடிகிற காரியமாக அது எனக்குத் தோன்றாதபடியால்தான் எழுதுகிறேன்.

நீ 'பழையபடி' என்று சொல்வது உன் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் 1961 ஆம் ஆண்டுப் படத்தைத்தான் என்று எனக்குத் தெரியும். பிரெட்ரிக் கோட்டை வாசலுக்கு முன்னால், கறுத்த வண்டியின் பெற்றோல் தாங்கியில் வெள்ளிக் கோடு மின்ன, அப்பப்பா ஒரு காலை நிலத்தில் ஊன்றியபடி நிற்கிறார். ஆனால் அந்த வண்டி பர்மிங்காம் தொழிற்சாலையிலிருந்து அப்படி வெளியே வரவில்லை. அது பி.எஸ்.ஏ. எம்20, இரண்டாம் உலகப் போருக்காக ஏறத்தாழ 1,26,000 வண்டிகள் செய்யப்பட்ட வகை. உடம்பு முழுவதும் இராணுவ நிறம், பின்சக்கரத்தின் இருபுறமும் பை தொங்கவிடும் இரும்புச் சட்டம், வெளிச்சம் மேலே தெரியாதபடி முன்விளக்குக்கு ஒரு மூடி, ஓட்டுபவருக்கு மட்டும் ஓர் ஆசனம், இவ்வளவுதான் அதன் பழைய கோலம். 1957 இல் பிரித்தானியக் கடற்படை இங்குள்ள தளத்தை ஒப்படைத்துவிட்டுப் போன காலத்தில், கப்பற் பட்டறையில் பிற்றராக வேலை செய்துகொண்டிருந்த அப்பப்பா அதை இரண்டாம் கையாக வாங்கி, முதல் வேலையாகப் பைச் சட்டங்களை இரும்பு வாளால் அறுத்தெறிந்து, கறுப்புப் பூசி, அப்பம்மா ஏறியிருப்பதற்கென்று ஒரு பழைய லொறி ஆசனத்திலிருந்து பின்னாசனமும் செய்து பூட்டினார். ஆகவே நீ பழையது என்று நினைக்கிற வண்டியே அப்பப்பா தம் கைக்கு ஏற்றபடி மாற்றிய வண்டிதான். (இரண்டு ஆங்கில எழுத்துகளுடன் ஏற்கெனவே பதிவாகியிருந்தபடியால், வண்டித் தகடுகளில் சிங்கள ஸ்ரீ எழுத்து வந்து, 1958 இல் அதன்மேல் தார் பூசுகிற போராட்டம் நடந்தபோது எங்கள் தகட்டை மட்டும் ஒருவரும் தொடவில்லை என்று அவர் சொல்லிச் சிரிப்பார்.)

இனி என் கைக்கு வந்ததைச் சொல்கிறேன். 1990 யூன் மாதம் நாங்கள் வீட்டைவிட்டு வெளிக்கிட்டபோது உனக்கு இரண்டு வயது. வண்டியைக் கொண்டுபோக வழியில்லை. யாரும் அதை எடுத்து ஓட்டிவிடக் கூடாது என்று அப்பப்பா, எஞ்சினுக்குப் பெற்றோலைக் காற்றோடு கலந்து கொடுக்கும் காபரேட்டரை மட்டும் கழற்றிச் சாரத்தில் சுற்றித் தம் பைக்குள் வைத்துக்கொண்டார். முல்லைத்தீவில் அவர் கண் மூடும்வரை அது அவருடைய தலைமாட்டில்தான் இருந்தது. 2003 இல் நாங்கள் திரும்பி வந்து பார்த்தபோது குசினிச் சுவர் வண்டியின்மேல் விழுந்து கிடந்தது. அதைக் கிளறி எடுத்துக் கொட்டிலுக்குள் நிறுத்தி ஒன்றரை வருடம் ஆகவில்லை, 2004 மார்கழியில் கடல் வந்து முழங்கால் அளவுக்கு உப்புத்தண்ணீரை நிரப்பிவிட்டுப் போனது. அதன் பிறகு பதினேழு வருடங்கள் நான் அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. வேலை இருந்தது, மனம் இருக்கவில்லை.

2022 இல் பெற்றோல் இல்லாமற் போய், மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு நான்கு லீற்றர் என்று அளந்து கொடுத்த நாட்களில், எங்கும் போக முடியாமல் வீட்டில் குந்தியிருந்தபோதுதான் கொட்டிலைத் திறந்தேன். அப்பப்பாவின் ஸ்பனர் சுருள் எண்ணெய்த் துணிக்குள் சுற்றியபடி பரணில் இருந்தது. அது இல்லாமல் இந்த வண்டியில் ஒரு நட்டைக்கூட மரியாதையாகக் கழற்ற முடியாது. பழைய ஆங்கிலேய ஸ்பனரில் வெட்டியிருக்கும் அளவு நட்டின் அகலத்தைக் குறிப்பதில்லை, அது பூட்டும் போல்ட்டின் தண்டு விட்டத்தைக் குறிக்கும். இன்றைய மில்லிமீற்றர் ஸ்பனர் அதில் ஓரளவு பொருந்துவதுபோல் காட்டி, கொஞ்சம் பலம் கொடுத்தவுடன் மூலைகளை வழித்துவிடும். சந்தியில் உள்ள பொடியன் ஒருவன் உதவிக்கு வந்து முதல் நாளே இரண்டு நட்டுகளை அப்படி உருண்டையாக்கினான். மறுநாள் முதல் அவனுக்குத் துடைக்கிற வேலை மட்டுமே கொடுத்தேன்.

எஞ்சின் இறுகிக் கிடந்தது. சிலிண்டருக்குள் டீசலும் கியர் ஒயிலும் கலந்து ஊற்றி, இருபத்திரண்டு நாட்கள் ஊறவிட்டு, பலகைத் துண்டு வைத்துத் தட்டித் தட்டித்தான் பிஸ்டன் அசைந்தது. இந்த எஞ்சினில் வால்வுகள் சிலிண்டருக்கு மேலே இல்லாமல் பக்கத்தில் நிற்கின்றன. மேல்மூடி வெறும் தட்டுதான், அதைக் கழற்றினால் எல்லாமே கண்ணுக்குத் தெரியும். 496 சீ.சீ. இருந்தும் பதின்மூன்று குதிரைவலுவுக்கு மேல் இழுக்காது என்று இப்போதுள்ளவர்கள் சிரிக்கலாம். ஆனால் அமுக்கம் குறைந்த எஞ்சின் என்பதால் எந்தத் தரமற்ற பெற்றோலையும் குடித்து ஓடும். முல்லைத்தீவில் இருந்த நாட்களில், பெற்றோலை இரண்டு சொட்டு விட்டுக் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓடிய வண்டிகளின் புகையைப் பார்த்து, "நம்முடையது இங்கே இருந்தால் இதைவிட நன்றாக ஓடியிருக்கும்" என்று அப்பப்பா பெருமூச்சு விட்டது இப்போதும் என் காதில் கேட்கிறது.

சிலிண்டர் சுவரை உப்பு அம்மைத் தழும்புபோல் தின்றிருந்ததால், உள்ளே புதிய உறை இறக்கி, 82 மில்லிமீற்றருக்குக் கடைந்து, இங்கிலாந்திலிருந்து பிஸ்டன் வரவழைக்க வேண்டியதாயிற்று. இந்த இடத்தில் ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மூக்குக்கண்ணாடி மாற்றுவதற்கென்று நீ அனுப்பிய பணம்தான் அந்தப் பிஸ்டன். பழைய கண்ணாடியே எனக்குப் போதும். அம்மாவுக்கு இது தெரியாது.

நீ பார்த்ததும் முகம் சுளித்த, முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கின் கதை இது. எம்20 இன் முன்பக்கம் இரண்டு சட்டங்களும் நடுவில் ஒரு வில்லுமாக இருக்கும். பார்க்க அழகுதான், மறுக்கவில்லை. சுவர் விழுந்து வளைந்த சட்டத்தைச் சூடாக்கி நிமிர்த்தலாம் என்று நினைத்துச் சுத்தியலின் பின்பக்கத்தால் இலேசாகத் தட்டிப் பார்த்தேன். சுத்தியல் உள்ளே போய்விட்டது. வெளியே பெயின்ற் இருந்தது, உள்ளே இரும்பு இருக்கவில்லை. அப்படிப்பட்ட ஒன்றுக்கு ஒட்டுப்போட்டு, பழைய தோற்றம் வேண்டும் என்பதற்காக அதை நம்பி ஒருவரை ஏற்றிவிடுகிற துணிவு எனக்கில்லை. கொழும்பில் பழைய உதிரிப்பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையில் ஒரு ஹொண்டா சீ.டீ. 200 இன் ஃபோர்க் சோடி கிடைத்தது. அதன் நடுத்தண்டை அழுத்தி வெளியே எடுத்துவிட்டு, பி.எஸ்.ஏ. இன் குண்டுக் கிண்ணங்களுக்குப் பொருந்தும்படி புதிய தண்டொன்றை லேத்தில் கடையச் செய்தேன். ஹொண்டாவின் ஃபோர்க் இரண்டு அங்குலம் நீளம் கூட. அதை அப்படியே பூட்டினால், ஃபோர்க்கின் தண்டு சுழலும் தலைக்குழாய் பின்னால் சரிந்து, மெதுவாகத் திரும்பும்போது கைபிடி தானாகவே ஒரு பக்கம் விழப் பார்க்கும். அதனால் குழாய்களை இறுக்கிகளுக்குள் மேலே ஏற்றி, பழைய சட்டத்தின் உயரத்துக்கு அச்சொட்டாகக் கொண்டுவந்தேன். வண்டியின் எலும்புக்கூடான செசியில் மட்டும் வாளை வைக்கவில்லை. இப்போது இளம்பிள்ளைகள் வடிவுக்காகச் செசியின் வாலை வெட்டி வளையம் ஒட்டுகிறார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. செசி இலக்கமும் எஞ்சின் இலக்கமும் பதிவுப் புத்தகத்தில் உள்ளபடியே, வெட்டும் கீறலும் இல்லாமல் இருக்கின்றன.

புகைக்குழாயை நீ பாராட்டினாய் என்று அம்மா சொன்னார், ஆகவே அதையும் எழுதுகிறேன். குழாயை வெறுமனே வளைத்தால் உட்பக்கம் மடிந்துவிடும். உள்ளே மணலை இறுக்கி அடைத்து, இரு முனைகளையும் மரக்கட்டையால் மூடி, செக்கச் சிவக்கக் காய்ச்சி வளைக்க வேண்டும். மணலில் துளி ஈரம் இருந்தாலும் ஆவி கிளம்பிக் கட்டையைத் துப்பாக்கிக் குண்டுபோல் எறியும். ஆகவே கடற்கரை மணலைக் கிணற்றுத் தண்ணீரில் கழுவி, அம்மாவின் பெரிய தாச்சியில் கச்சான் வறுப்பதுபோல் இரண்டு மணித்தியாலம் வறுத்தேன். தாச்சி பழுதாகவில்லை, ஆனால் அம்மா அதில் இன்னும் சமைக்கவில்லை.

எஞ்சினுக்குத் தீப்பொறி கொடுக்கும் மக்னீட்டோவைப் பற்றி எழுதினால் இரத்தம் கொதிக்கும். திருத்தக் கொடுத்த முதல் ஆள் உயிரோடிருந்ததைக் கொன்று, பணத்தையும் வாங்கிக்கொண்டார். இரண்டாம் ஆள் சுருளைப் புதிதாகச் சுற்றி உள்ளிருந்த கொண்டென்சரையும் மாற்றித் தந்தார். அதை இவ்வளவோடு விடுகிறேன்.

காபரேட்டர்தான் கடைசியாகப் பூட்டியது. அதன் உள்ளே இருக்கும் பித்தளை மிதவை உனக்கு நினைவிருக்கிறதா? முல்லைத்தீவில் விளையாட்டுச் சாமான் ஒன்றும் இல்லாத காலத்தில், அப்பப்பா அதைக் கழற்றி உனக்கு வாளித் தண்ணீரில் மிதக்கவிடக் கொடுப்பார். நீ அதைக் கப்பல் என்பாய். இந்த முறை அதை வெந்நீருக்குள் அமிழ்த்திப் பிடித்தபோது, ஓரத்தில் ஊசிமுனை அளவு குமிழிகள் வரிசையாகக் கிளம்பின. மிதவைக்குள் பெற்றோல் போனால் அது அமிழ்ந்து, காபரேட்டர் வழிந்துகொண்டே இருக்கும். ஓட்டையை அடைக்க ஈயம் கூடினாலும் மிதவை பாரமாகி அதே தொல்லைதான். ஆகவே ஒரு நெல்மணி அளவு ஈயத்தை வைத்து ஒட்டி, மேலதிகமாக நின்றதை மெல்ல அராவி எடுத்தேன். ஒட்டிய இடத்துக்குப் பக்கத்தில் சின்னச் சின்னக் கடிகள் நான்கு இருக்கின்றன. அவை உன் பால்பற்களாகத்தான் இருக்க வேண்டும். அவற்றை அராவவில்லை.

பத்து நாட்களுக்கு முன் காலையில், தீப்பொறி நெம்பைப் பின்தள்ளி, காபரேட்டரின் ஊசியைப் பெற்றோல் கசியும்வரை அமுக்கி, வால்வுத் தூக்கியை இழுத்துப் பிடித்து மிதிக்கட்டையை மேலே கொண்டுவந்து, பிறகு விட்டுவிட்டு மிதித்தேன். ஆறாவது மிதிக்குக் கிளம்பியது. அனுராதபுரச் சந்தியால் திரும்பிக் கன்னியா வரைக்கும் போய், வெந்நீர்க் கிணற்றடியில் ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டுத் திரும்பினேன். பின்சக்கரத்துக்கு வில் இல்லாதபடியால் வீதியில் உள்ள ஒவ்வொரு பள்ளமும் நேரே முதுகெலும்புக்கு வந்து சேர்ந்தது. முன் ஃபோர்க் நேராக நின்றது. எனக்கு அது போதும்.

ஓகஸ்டில் நீங்கள் வரும்போது மருமகனுக்கு இப்போதே சொல்லி வை: இந்த வண்டியில் கியர் வலது காலிலும் பிரேக் இடது காலிலும் இருக்கின்றன. தெரியாமல் ஏறினால் நிற்பதற்குப் பதிலாகக் கியர் மாறும்.

இன்னொன்று. அப்பப்பாவின் ஸ்பனர் சுருளில் ஒரு பை வெறுமையாக இருக்கிறது. நீ வெளிநாடு போனபோது நினைவுக்கென்று எடுத்துச் சென்று, குசினிச் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்டிருக்கிறாயே, அது பின்சக்கர அச்சு நட்டுக்குரியது. கன்னியாவுக்குப் போனபோது அந்த நட்டைத் திருகு ஸ்பனரால் இறுக்கிக்கொண்டுதான் போனேன்; இரண்டு இடங்களில் நிறுத்திப் பார்க்க வேண்டியிருந்தது. வரும்போது மறக்காமல் அதைக் கொண்டு வா. கைப்பையில் வைக்காதே, விமான நிலையத்தில் பறித்துவிடுவார்கள். பெரிய பெட்டிக்குள் துணியில் சுற்றி வை.

இப்படிக்கு,
அன்புள்ள அப்பா