ஏழு சுடர் விளக்கு

மாட்டுங்கா, மும்பை

அன்புள்ள ராகவனுக்கு,

உன் கடிதம் வந்து ஆறு மாதமாகிறது. இரண்டு முறை பதில் எழுதத் தொடங்கி இரண்டையும் கிழித்துப் போட்டேன். வீட்டில் அனைவரும் நலம். அம்மாவுக்கு மழையோடு வந்த முழங்கால் வலி, மழை போன பிறகும் போகவில்லை. சேதுவின் சங்கதியை நேரில் பேசிக்கொள்வோம்.

முப்பது ஆண்டுகள் வங்கிக் கவுன்ட்டரில் உட்கார்ந்திருந்த உன்னிடம் மட்டுமே கேட்கக்கூடிய கேள்வி ஒன்று இருப்பதால்தான் இப்போது எழுதுகிறேன். இந்நகரத்தின் பழைய கூட்டுறவு வங்கி ஒன்று, கைபேசிச் சேவை தொடங்குவதற்காகப் புதிய சின்னம், நிறம், எழுத்துரு, பலகை, பாஸ்புக் அட்டை எல்லாவற்றையும் வடிவமைக்கும் வேலையை எங்களிடம் ஒப்படைத்தது. மறுபடியும் தாம்பூலத் தட்டு வேலையா என்று நீ சிரிப்பது இங்கே கேட்கிறது. சிரித்துக்கொள், இம்முறை கதை வேறு.

அவர்களுடைய பழைய சின்னம், குங்குமச் சிவப்பில் ஏழு சுடர் கொண்ட ஒரு குத்துவிளக்கு. பலகையில் அழகாகத்தான் இருக்கும். ஆனால் கைபேசித் திரையில் கட்டைவிரல் நகத்தின் அளவுக்குச் சுருக்கினால் ஏழு சுடரும் ஒட்டிக்கொண்டு, யாரோ மிதித்த செம்பருத்தியைப் போல ஆகிவிடுகிறது. ஆகவே விளக்கைத் தூக்கிவிட்டு, ஊதா நிறத்தில் ஒரு வளைகோட்டை வரைந்தேன். ஊதாவைக் கேட்டவர்கள் அவர்கள்; தலையாட்டியவன் நான். பாரத ஸ்டேட் வங்கிக்கு 1971இல் சேகர் காமத் வரைந்த நீல வட்டத்தைப் பார், சாவித்துளை போன்ற ஒரு வெட்டு, அதற்கு மேல் ஒன்றுமில்லை, அந்த எளிமைதான் வேண்டும் என்று இயக்குநர்கள் கூட்டத்தில் அரைமணி நேரம் முழங்கினேன். ஒப்புதலும் கிடைத்தது.

பிறகு தாராவிக் கிளையின் வாடிக்கையாளர் சிலரிடம் மாதிரியைக் காட்டப் போனோம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, விடியற்காலையில் இட்லி அவித்து விற்கும் ஓர் அக்கா, திரையைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "இது நம்ம பேங்க் இல்லையே தம்பி, ஏமாத்துற கூட்டம்லா இப்படித்தான் அனுப்புது" என்றார். பெயர் தமிழிலேயே இருந்தது, ராகவா. அவர் எழுத்துக் கூட்டிப் படிப்பதற்கு முன்பே நிறத்தைப் பார்த்து முடிவு செய்துவிட்டார். பிளாஸ்டிக் உறைக்குள்ளிருந்து பாஸ்புக்கை எடுத்து, தேய்ந்துபோன அந்த விளக்கின் மேல் விரலை வைத்துக் காட்டினார். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

போலிகளுக்கு அஞ்சி, வங்கிகளின் இணைய முகவரிகள் 'பேங்க்.இன்' என்றே முடிய வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2025இல் அறிவித்தது உனக்குத் தெரியும். ஆனால் அந்த அக்கா முகவரியைப் படிக்கப் போவதில்லை; அவருக்கு விளக்குதான் முகவரி. பவாய் ஐ.ஐ.டி.யில் தமிழ் எழுத்து வடிவங்களை ஆராய்ந்த நம் உதயகுமார் வரைந்து, 2010இல் அரசு ஏற்றுக்கொண்ட ரூபாய்க் குறியை எண்ணிப் பார்க்கிறேன். தேவநாகரி ரகரமும், முதுகுக் கோட்டை இழந்த ஆங்கில ஆரும் சேர்ந்தது அது. கண்ணுக்குப் பழகிய இரண்டிலிருந்து பிறந்ததால் அது அந்நியமாகத் தெரியவில்லை. நானோ, பழகியதை முழுவதும் துடைத்துவிட்டு எளிமை என்று பெயர் வைத்தேன்.

இன்னொரு தவறும் தாராவியில் காட்டிய அந்த மாதிரியில்தான் அகப்பட்டது. மராத்தி எழுத்துகள் கொடியில் உலர்த்திய துணி போல மேற்கோட்டிலிருந்து தொங்குகின்றன. நமக்கு அந்தக் கொடி இல்லை. 'சேமிப்பு' என்ற ஒரே சொல்லில் மேலே ஒரு கொக்கியும் கீழே ஒரு காலும் இருக்கின்றன. ஆங்கிலத்துக்கு அளந்த வரி இடைவெளியில் கால் வெட்டுப்பட்டுப் போயிருந்தது. தமிழனாகிய நான் அதைக் கவனிக்கவில்லை என்பதை மணி வாத்தியாரிடம் தயவுசெய்து சொல்லிவிடாதே.

இப்போது குங்குமச் சிவப்பையே மீண்டும் எடுத்திருக்கிறேன். விளக்கும் திரும்பிவிட்டது, பலகைக்கு ஏழு சுடர், கைபேசிக்குத் தண்டும் ஒரே சுடரும். சுடர் ஒன்றானால் அந்த அக்கா அதை வேறு விளக்கு என்று நினைப்பாரோ என்பதே என் கவலை. வியாழக்கிழமை மீண்டும் இயக்குநர்கள் கூட்டம். ஊதாவுக்கு ஒப்புதல் கொடுத்தவர்களிடம் நான் சொன்னது பிழை என்று நானே சொல்ல வேண்டும். கட்டணத்தைப் பற்றி நினைக்கவே அச்சமாக இருக்கிறது.

படிக்கத் தெரியாத கிழவர்கள் உன் கும்பகோணக் கிளையை எதைக் கொண்டு அடையாளம் கண்டார்கள்? பலகையின் நிறமா, சின்னமா, வாசலில் இருந்த வேப்பமரமா? உங்கள் வங்கி சின்னத்தை மாற்றியபோது கவுன்ட்டரில் நின்று என்ன கேட்டார்கள்? நினைவிருப்பதையெல்லாம் புதன்கிழமைக்குள் எழுது. கடிதம் வந்து சேராதென்றால் தொலைபேசியில் கூப்பிடு. உன் அப்பாவின் பழைய பாஸ்புக் பரணில் இருந்தால் அதன் அட்டையைப் படமெடுத்து அனுப்பு.

அன்புடன்,
சுந்தரம்