தேர்ப் படங்களில் கறுப்புப் பட்டிகள் ஏன்?

ஆசிரியர் அவர்களுக்கு,

கொழும்பில் ஆடிவேல் விழாக் காலத்தில் செட்டியார் தெருவிலும் காலி வீதியிலும் இரவில் பிடிக்கப்படும் தேர்ப் படங்கள் பலவற்றில் குறுக்கே கறுப்புப் பட்டிகள் விழுகின்றன. கெமராவில் பழுதில்லை. நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், அதாவது செக்கனுக்கு 50 சுற்று. சுற்றுக்கு இரண்டாக, மலிவான எல்.ஈ.டி. சரங்கள் செக்கனுக்கு 100 தடவை மினுங்குவது கண்ணுக்குத் தெரியாது, 1/500 செக்கனில் திறந்து மூடும் ஷட்டருக்குத் தெரியும். 1/100 அல்லது 1/50 இல் வைத்தால் பட்டி பெரும்பாலும் மறையும். 1/50 இல் நடப்பவர்கள் படத்தில் கலங்கலாக விழுவார்கள், ஆகவே 1/100 போதும். வெளிச்சம் போதாவிட்டால் ஐ.எஸ்.ஓ.வை (கெமராவின் ஒளி உணர்திறன் அளவு) 1600, 3200 என்று ஏற்றலாம். கொஞ்சம் புள்ளி விழுந்தால் விழட்டும்.

சுற்றிலும் இருட்டென்பதால் கெமரா தானாகவே வெளிச்சத்தைக் கூட்டும், சுவாமி முகம் வெளிறிப்போகும். எக்ஸ்போஷரை ஒரு ஸ்டொப், அதாவது வெளிச்சத்தைப் பாதியாக, குறைக்க வேண்டும். கற்பூரப் புகைக்குள் பிளாஷ் அடித்தால் புகைதான் படமாகும் (காவடி எடுப்பவருக்கும் கண் கூசும்). ஏ.சி. வாகனத்திலிருந்து இறங்கியதும் லென்ஸில் ஈரம் படியும். பையைத் திறக்காமல் 20 நிமிடமாவது பொறுக்க வேண்டும்.

வட்ஸ்அப்பில் வழக்கம்போல அனுப்பும் படம் சுருங்கிவிடுகிறது. ‘டொக்கியுமென்ட்’ ஆக அனுப்பும்படி வாசகர் பக்கத்தில் ஒரு வரி போடுங்கள்.

வாசகர்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13