இணையத்தில் அறிமுகமான ஓவிய நண்பர்கள் நேரில் கூட ஓர் அறை வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

இணையத்தில் அறிமுகமானவரை நம்பிச் சென்று பணத்தையும் நிம்மதியையும் இழந்தவர்களைப் பற்றிய செய்திகள் நாளிதழ்களில் அடிக்கடி வருகின்றன. அவை வரத்தான் வேண்டும். அவற்றைப் படித்து விழித்துக்கொண்ட குடும்பங்கள் பல இருக்கும். ஆயினும் அச்செய்திகளை மட்டுமே படிக்கும் பெற்றோரும் கணவன்மாரும், கைப்பேசி வழியாக ஏற்படும் எந்தப் பழக்கமும் கேட்டில்தான் போய் முடியும் என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களைச் சேர்ந்த, கோட்டோவியம் வரையும் பழக்கமுள்ள சிலர், முகநூலிலும் வாட்ஸ்அப் குழுவிலும் ஒருவரையொருவர் அறிந்து, பின்பு நேரில் சந்தித்து, இன்று ஒருவர் வீட்டு நல்லது கெட்டதுக்கு மற்றவர் முன்னால் போய் நிற்கும் அளவுக்கு நெருங்கியிருக்கிறோம். அந்த அனுபவத்தைக் கொண்டு, இத்தகைய சந்திப்புகளுக்கு நம் மாவட்டங்களில் ஒரு பொது இடம் தேவை என்பதைத் தங்கள் நாளிதழ் வாயிலாக அரசின் கவனத்துக்கும் வாசகர்களின் கவனத்துக்கும் கொண்டுவர விரும்புகிறேன்.

எங்களுள் அரூரில் தையற்கடை நடத்தும் பெண்மணி ஒருவர் இருக்கிறார். ஓசூர்த் தொழிற்சாலையில் ஷிப்ட் முறையில் வேலை செய்யும் இளைஞர்களும், போச்சம்பள்ளிப் பக்கத்துக் கல்லூரி மாணவிகளும், பணி ஓய்வு பெற்ற ஆசிரியர்களும், வாரக் கடைசியில் மட்டும் பெங்களூரிலிருந்து ஊர் திரும்புபவர்களும் இருக்கிறார்கள். இவர்களுக்குப் பொதுவாக இருந்தது ஒன்றே: படம் வரையும் ஆசை உண்டு, ஆனால் அதைப் பற்றிப் பேச ஊரில் ஓர் ஆள் கிடையாது. தமிழ்நாட்டில் அரசு கவின் கலைக் கல்லூரிகள் சென்னையிலும் கும்பகோணத்திலுமே உள்ளன. நம் பக்கத்துப் பிள்ளை ஒன்று பத்தாம் வகுப்பு நோட்டின் பின்பக்கத்தில் எவ்வளவு அழகாக வரைந்தாலும், அதைப் பார்த்து, ‘இந்தக் கை நீளமாக இருக்கிறது, தோளிலிருந்து அளந்து பார்’ என்று சொல்லித்தர அருகில் ஒருவரும் இருப்பதில்லை. அந்தக் குறையை நிரப்பியது இணையம்தான். பாப்பிரெட்டிப்பட்டியில் ஒருவர் இரவில் வரைந்து அனுப்பிய படத்துக்குத் தேன்கனிக்கோட்டையிலிருந்து விடியற்காலையில் திருத்தம் வருகிறது என்றால், அதன் அருமை தனியாக வரைந்து பழகியவர்களுக்கே தெரியும்.

இணைய நட்பைப் பற்றி அஞ்சுகிறவர்கள் ஒரு வேறுபாட்டைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். முகப்புப் படத்தையும் இனிய சொற்களையும் மட்டுமே பார்த்துப் பழகுவது ஒன்று. ஒருவருடைய உழைப்பை மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் பார்த்துப் பழகுவது முற்றிலும் வேறொன்று. ஒருவர் குறை சொன்னால் கோபித்துக்கொள்கிறாரா, மறுநாள் திருத்தி வரைந்து அனுப்புகிறாரா, பிறர் எடுத்த புகைப்படத்தைப் பார்த்து வரைந்தால் எடுத்தவர் பெயரைச் சொல்கிறாரா, புதிதாக வந்தவரின் தடுமாற்றத்தை எள்ளுகிறாரா, பொறுமையாக வழிகாட்டுகிறாரா என்பவையெல்லாம் அந்த உழைப்பின் ஊடாகவே தெரிந்துவிடுகின்றன. மாப்பிள்ளை பார்க்கும்போது கூட இவ்வளவு விவரம் நமக்குக் கிடைப்பதில்லை. ஏமாற்ற நினைப்பவர் அடுத்தவர் ஓவியத்தைத் திருடித் தம்முடையது என்று காட்டலாம், உண்மைதான். ஆனால் நான்கு பேர் நடுவில் உட்கார்ந்து, தாளை விரித்து, எதிரே இருப்பதைப் பார்த்து வரைய வேண்டும் என்ற நிலை வரும்போது அவர் வரமாட்டார். எங்கள் சந்திப்புகளுக்கு வெறுங்கையோடு வரக்கூடாது என்று நாங்கள் வைத்துக்கொண்ட வழக்கம், கலைக்காகத் தொடங்கியது. அதுவே எங்களுக்குக் காவலாகவும் அமைந்தது.

நேரில் சந்திப்பதால் கலைக்கு என்ன நன்மை என்று கேட்பவர்களுக்கு நடுகற்களைத்தான் காட்டுவேன். நம் இரு மாவட்டங்களும் நடுகற்களுக்குப் பெயர்பெற்றவை. ஆநிரை கவர வந்தவர்களோடு பொருது அவற்றை மீட்டு வீழ்ந்த வீரனுக்கு எடுத்த கற்கள் வயல் வரப்பிலும் ஏரிக்கரையிலும் புளியமரத்தடியிலும் நிற்கின்றன. 2004-ஆம் ஆண்டில் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்தது. கற்களுக்கு அந்த எல்லை கிடையாது என்பதால் எங்கள் குழுவுக்கும் அது கிடையாது. கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறை அகழாய்வில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-ஆம் ஆண்டு மே மாதத்தில் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்ட பிறகு, தம் ஊர்க் கல்லைப் படம் எடுத்து அனுப்பும் இளைஞர்கள் எங்கள் குழுவில் மிகுந்தார்கள். அப்படங்களைப் பார்த்து நாங்களும் வரைந்தோம். ஆனால் நண்பகலில் எடுத்த புகைப்படத்தில் நடுகல் வெறும் தட்டைப் பாறையாகவே தெரியும். புடைப்பு மிக மெல்லியது. காலைச் சாய்வெயில் பக்கவாட்டில் விழும்போதுதான் வீரனின் வலக்கை வாளும் இடக்கை வில்லும் எழுந்து வருகின்றன, காலருகே செதுக்கிய சிமிழும் கெண்டியும் கண்ணுக்குப் புலப்படுகின்றன, மேலே உள்ள வட்டெழுத்து வரிகள் கீறல்கள் அல்ல, எழுத்துகள் என்பது விளங்குகிறது. கல்லின் முன் சேர்ந்து உட்கார்ந்தபோது, கேடயம் என்று எண்ணிப் பலரும் வரைந்திருந்தது வில்லின் வளைவு என்பதைத் தையற்கடை நடத்தும் எங்கள் தோழிதான் முதலில் கண்டு சொன்னார். துணியில் வளைவு வெட்டிப் பழகிய கண் அது.

வேறொன்றும் நேரில் போனால்தான் தெரியும். நாம் வரலாற்றுச் சின்னம் என்று நினைத்துக்கொண்டு போகும் பல கற்கள் அவ்வூர் மக்களுக்கு வேடியப்பன். அவர்களுக்கு அது வழிபடும் தெய்வம். செருப்பைக் கழற்றிவிட்டு, ஊர்ப் பெரியவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு உட்கார்ந்தால், சொம்பில் மோர் கொண்டுவந்து கொடுத்து, அந்தக் கல்லைப் பற்றித் தம் பாட்டனார் சொன்னதையெல்லாம் அவர் சொல்கிறார். கேட்காமல் போய்க் கல்லின் மேல் சுண்ணக்கட்டியைத் தேய்த்து எழுத்தை எடுப்பாகக் காட்ட முயல்பவர்கள், கல்லையும் கெடுக்கிறார்கள், ஊராரின் நம்பிக்கையையும் கெடுக்கிறார்கள். எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது, கல்லின் மேல் தாளை ஒற்றி மையால் எழுத்தைப் பிரதி செய்யும் மைப்படி எடுப்பது ஏன் பயிற்சி பெற்றவர்களின் வேலை என்பதை மூத்தவர்கள் கூடவே இருந்து இளையவர்களுக்குக் கற்றுத்தர வேண்டியிருக்கிறது. கைப்பேசித் திரையில் அது நடக்காது. அதியமான்கோட்டை சென்றாயப் பெருமாள் கோயில் விதானத்து ஓவியங்களும் அப்படித்தான். தலையை அண்ணாந்து நெடுநேரம் பார்த்து, ஒருவர் சோர்ந்தால் மற்றவர் வண்ணத்தைச் சொல்ல, சேர்ந்து குறித்துக்கொள்ள வேண்டியவை அவை.

உலகின் பிற இடங்களிலும் இதுவே நடந்திருக்கிறது. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் நாளிதழ் ஓவியராக இருந்த கேப்ரியல் கம்பனாரியோ, 2007-ஆம் ஆண்டில், தாம் வாழும் ஊரை நேரில் பார்த்து வரைபவர்களுக்காக இணையத்தில் ஒரு கூடலைத் தொடங்கினார். இன்று ‘அர்பன் ஸ்கெட்சர்ஸ்’ என்ற பெயரில் பல நாடுகளிலும் கிளைகளோடு அது வளர்ந்திருக்கிறது. அவர்களுடைய முதல் பெரிய நேர்ச்சந்திப்பு 2010-ஆம் ஆண்டில் போர்ட்லண்டு நகரில் நடைபெற்றது. இடத்துக்கே போய் வரைவது, கண்ணால் கண்டதற்கு உண்மையாக இருப்பது, சேர்ந்து வரைவது ஆகியவற்றை அவர்கள் தங்கள் கொள்கையாக எழுதியே வைத்திருக்கிறார்கள்.

முகம் காணாத நட்பு என்றவுடன் கோப்பெருஞ்சோழனையும் பிசிராந்தையாரையும் எடுத்துச் சொல்வது நம் வழக்கம். அது பெரிய நட்புதான், மறுக்கவில்லை. ஆனால் தருமபுரி பழைய தகடூர் மண். அதியமான் நெடுமான் அஞ்சிக்கும் ஔவையாருக்கும் இருந்த நட்பு, நேரில் வந்து, தங்கி, அவன் பரிசில் தரக் காலம் நீட்டித்தபோது ஊடி, மீண்டும் கூடிய நட்பு. ஒருநாள் இருநாள் அல்ல, பலநாள், பலரையும் கூட்டிக்கொண்டு போனாலும் முதல்நாள் காட்டிய அதே விருப்பத்தோடு அவன் வரவேற்பான் என்று ஔவையார் பாடியிருக்கிறார். அந்த ஊரில் இன்று பலர் கூடி உட்கார ஓர் அறை கேட்டு அலைய வேண்டியிருப்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

பெண்களின் பாதுகாப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். முன்பின் அறியாதவர்களை ஏன் போய்ப் பார்க்க வேண்டும் என்று என் வீட்டிலும் கேட்டார்கள், கேட்டது அக்கறையால். அதனால் எங்கள் முதல் சந்திப்புக்கு வீட்டாரையும் அழைத்துக்கொண்டே போனோம். இன்றும் புதிதாக வருபவர்கள், அவர்கள் ஆணானாலும் பெண்ணானாலும், வீட்டுக்குச் சொல்லிவிட்டு, துணையோடு, பகலில், மக்கள் நடமாட்டமுள்ள இடத்துக்கு மட்டுமே வர வேண்டும். பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்கள் பெற்றோர் இல்லாமல் வருவதை நாங்கள் ஏற்பதில்லை. யாரும் யாரிடமும் கடன் கேட்கக்கூடாது, தனிப்பட்ட முறையில் வீட்டு முகவரி கேட்கக்கூடாது. பெண்கள் உதவி எண் 181, இணையப் பண மோசடிக்கான உதவி எண் 1930 ஆகிய இரண்டும் எங்கள் குழுவின் முகப்பிலேயே எழுதப்பட்டிருக்கின்றன. அரசு நகரப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் 2021-ஆம் ஆண்டில் வந்த பிறகு, கையில் காசில்லாததால் வர முடியாமல் இருந்த பெண்கள் வரத் தொடங்கியிருக்கிறார்கள். அவர்கள் வந்து இறங்கியதும் எங்கே உட்காருவது என்பதுதான் இப்போதைய கேள்வி.

தேநீர்க் கடையில் எவ்வளவு நேரம் இருக்க முடியும்? பெரிய உணவகங்களில் ஆளுக்கொரு காபி வாங்கிவிட்டு நெடுநேரம் அமர்ந்தால் கடைக்காரருக்கும் இடைஞ்சல், நமக்கும் கூச்சம். பூங்காவில் மழை வந்தால் தாளெல்லாம் நனைந்துவிடும். பெண்களுக்குக் கழிப்பறை வசதியும் இருக்காது. தனியார் மண்டபத்துக்கு வாடகை கட்ட எங்களால் இயலாது. பொதுக் கட்டடம் ஒன்றில் ஞாயிறு முற்பகலில் இடம் கேட்டபோது, சங்கம் பதிவு பெற்றதா, பதிவு எண் என்ன, லெட்டர் பேடு எங்கே, தலைவர் யார், செயலாளர் யார் என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன்படி ஏழு பேர் சேர்ந்து சங்கத்தைப் பதிவு செய்யலாம் என்பதை அறிவோம். ஆனால் விதிமுறைகள் எழுதி, பொதுக்குழு கூட்டி, ஆண்டுதோறும் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டிய சுமையை, பென்சிலும் தாளுமாகக் கூடி வரைய விரும்புபவர்கள் மேல் ஏன் ஏற்ற வேண்டும்? தலைவர் பதவி என்று ஒன்று வந்தாலே நட்பு குலைந்துவிடும் என்று எங்களில் பலர் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்தில் நியாயம் இருப்பதாகவே நான் கருதுகிறேன்.

இதற்கு மிக ஏற்ற இடம் பொது நூலகம். 1948-ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டப்படி நாம் ஒவ்வொருவரும் சொத்து வரியோடு சேர்த்து நூலக வரியும் செலுத்தி வருகிறோம். இன்று அது சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு. நூலகங்களில் வாசகர் வட்டம் என்ற அமைப்பும் ஏற்கெனவே இருக்கிறது. படிப்பவர்களுக்கு வட்டம் இருக்கும்போது, எழுதுபவர்களுக்கும் வரைபவர்களுக்கும் புகைப்படம் எடுப்பவர்களுக்கும் அதே கூரையின் கீழ் ஓர் அறை தருவதற்குப் புதிய சட்டமோ பெரிய நிதியோ தேவைப்படாது. வருபவர் பெயரையும் தொலைபேசி எண்ணையும் குறிக்க ஒரு பதிவேடு, ஒரு மின்விசிறி, சில நாற்காலிகள் போதும். நூலகர் கண்பார்வையில் நடக்கும் கூட்டம் என்றால் பெண் பிள்ளைகளை அனுப்பப் பெற்றோரும் தயங்கமாட்டார்கள். தருமபுரி அரசு அருங்காட்சியகத்தின் நடுகற்களுக்கு முன்னாலும், கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்திலும், மாதத்தில் ஒரு முற்பகல் அமர்ந்து வரைய இசைவு கிடைத்தால், வெயிலில் அலைய முடியாத முதியவர்களும் கலந்துகொள்வார்கள். இரு மாவட்டங்களிலும் நடக்கும் புத்தகத் திருவிழாக்களில் பேச்சாளர்களுக்கு மாலை நேரம் ஒதுக்கப்படுகிறது. இப்படி இணையத்தில் மட்டுமே அறிமுகமான உள்ளூர்ப் படைப்பாளிகள் ஒருவரையொருவர் கண்டுகொள்ள ஒரு பிற்பகலும் ஒதுக்கப்பட வேண்டும்.

ஆகவே, தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட ஆட்சியர்களும் நூலக ஆணைக்குழு அலுவலர்களும், மாவட்ட மைய நூலகங்களில் ஓர் அறையை மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளின் முற்பகலில், பதிவு எண் கேட்காமல், பொறுப்பேற்கும் இருவரின் அடையாள அட்டை நகலை மட்டும் பெற்றுக்கொண்டு, இத்தகைய கலைக் குழுக்களுக்குத் திறந்துவிட ஆணையிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அவ்வாறு அனுமதி கிடைத்தால், கூட்டம் முடிந்ததும் அறையைப் பெருக்கி, நாற்காலிகளை ஒழுங்குபடுத்திச் சாவியை ஒப்படைப்பதோடு, நூலகத்துக்கு வரும் பள்ளிக் குழந்தைகளுக்கு ஒரு மணி நேரம் இலவசமாக ஓவியம் கற்றுத்தரவும் எங்கள் குழுவினர் ஆயத்தமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்.