கண்ணாடி விற்க மறுத்த தம்பிக்கு முதல் நன்றி

வெள்ளவத்தை காலி வீதியில் கண்ணாடிக் கடையில் நிற்கும் தம்பிக்கும், அன்று என்னை ஏற்றிப் போன முச்சக்கர வண்டிக்காரருக்கும், தேசிய கண் வைத்தியசாலையில் என் வலக்கண்ணைப் பார்த்த எல்லோருக்கும்,

வணக்கம். ஒவ்வொருவரிடமும் நேரில் வந்து சொல்லத்தான் ஆசை. ஆனால் யாருடைய பெயரையும் கேட்டு வைத்துக்கொள்ளாத மடைச்சி நான். அதனால்தான் இந்த மடல். வாசிக்கிறவர்களில் யாராவது உங்களை அடையாளம் கண்டு சொல்லிவிடுவார்கள் என்று நம்புகிறேன்.

நான் புறக்கோட்டையில் ஒரு புடைவைக் கடைக்கு 26 வருடமாகக் கணக்கெழுதுகிறவள். வயது 57. எட்டாம் வகுப்பில் போட்ட கண்ணாடி, இப்போது மைனஸ் ஒன்பதில் நிற்கிறது. பள்ளிக்கூடத்தில் எனக்குப் பட்டப்பெயர் சோடாப் போத்தல். கண்ணுக்குள் ஒன்றிரண்டு பூச்சி பறப்பது எனக்குப் பழகிப்போன சங்கதி. ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமை இரவு வந்தது வேறு மாதிரி. யாரோ மிளகுத்தூளை அள்ளி வீசியதுபோல வலக்கண் முழுக்கப் புள்ளிகள், நடுவே மயிர்ச் சுருள் மாதிரி ஒன்று. விளக்கை அணைத்தால் கண்ணின் வெளியோரத்தில் பளிச் பளிச்சென்று வெள்ளைக் கீற்று. மழை வரப்போகிறதாக்கும் என்று எழும்பி யன்னலைத் திறந்து பார்த்தேன். வானம் நிறைய நட்சத்திரம்.

வலியில்லை, சிவப்பில்லை, பீளையில்லை. வலிக்காத கண்ணுக்கு என்ன அவசரம் என்று புதன்கிழமையும் வேலைக்குப் போனேன். மாத முடிவுக் கணக்கு வேறு. வருகிற வழியில் ஒரு மருந்துக் கடையில் கேட்டேன். கண் காய்ந்துபோயிருக்கிறது என்று துளிமருந்து தந்தார்கள். அவர்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். புள்ளிகளைப் பற்றிச் சொன்ன நான் அந்த மின்னலைப் பற்றி மூச்சே விடவில்லை. கண்ணுக்குள் மின்னல் வெட்டுகிறது என்று சொன்னால் விசர் என்று நினைப்பார்களோ என்ற வெட்கம்.

வியாழன் காலை முகம் கழுவிவிட்டு வந்தால், வலக்கண்ணில் கீழே மூக்குப் பக்கமாக ஒரு நிழல். கண்ணாடியில் அழுக்கு என்று சேலைத் தலைப்பால் மூன்று தரம் துடைத்தேன். நிழல் போகவில்லை. கண்ணாடி பழசாகிவிட்டது, புதிதாக ஒன்று எடுத்தால் சரி என்று கடை திறக்கிற நேரத்துக்கே போய் நின்றேன்.

தம்பி, அன்று நீங்கள் நினைத்திருந்தால் எனக்கு நல்ல விலையில் ஒரு பிரேமும் லென்ஸும் விற்றிருக்கலாம். நான் காசோடுதான் வந்திருந்தேன். நீங்கள் முதலில் ஒரு கண்ணைப் பொத்தச் சொல்லி, பிறகு மற்றதைப் பொத்தச் சொல்லி, எதிரே நின்று விரலை நாலு மூலையிலும் காட்டினீர்கள். வலக்கண்ணில் ஒரு மூலையில் விரல் காணாமல் போனது. அப்புறம் கேட்டீர்களே ஒரு கேள்வி: "அன்ரி, இருட்டுக்குள்ள மின்னல் மாதிரி ஏதும் தெரியுதோ?" இரண்டு நாளாக நான் மறைத்து வைத்திருந்ததை நீங்களே எடுத்து வெளியே வைத்தீர்கள். "இது கண்ணாடி மாத்துற விஷயமில்லை. இண்டைக்கே, இப்பவே போங்கோ. நாளைக்கு எண்டு வைக்காதேங்கோ" என்று சொல்லி, ஒரு துண்டில் நாலு வரி எழுதித் தந்து, வீதிக்கு இறங்கி முச்சக்கர வண்டியையும் மறித்தீர்கள். பரிசோதித்ததற்குக் காசு நீட்டியபோது கையைப் பின்னால் கட்டிக்கொண்டீர்கள்.

வண்டிக்காரர் சிங்களவர். எனக்குச் சிங்களம் கடையில் விலை பேசுகிற அளவுக்கு மட்டும்தான் வரும். "எஸ் இஸ்பிரித்தாலே" (கண் ஆஸ்பத்திரி) என்றதும் அவருக்கு விளங்கிவிட்டது. பம்பலப்பிட்டியில் வாகனங்கள் நகராமல் நின்றபோது நான் அழத் தொடங்கினேன். கண்ணாடிக்குள்ளால் பார்த்து "பய வென்ன எப்பா அம்மே", பயப்படாதேங்கோ அம்மா, என்றார். லிப்டன் சுற்றுவட்டத்தருகே இறக்கியவர் அப்படியே போய்விடவில்லை. வண்டியை ஓரங்கட்டிவிட்டு உள்ளே வந்து, துண்டு எடுக்கும் இடத்தில் என்னை விட்டு, அங்கிருந்த தாதியிடம் தம்பி எழுதிய துண்டையும் காட்டிவிட்டுத்தான் போனார். அந்தத் துண்டால்தான் என்னை வரிசையின் முன்னுக்கு எடுத்தார்கள்.

கண்மணியை விரிக்கும் மருந்து விட்டுப் பார்த்த இளம் வைத்தியர் அம்மா, உங்களுக்குத்தான் நான் கூடிய கடன்பட்டிருக்கிறேன். உங்கள் முன் அத்தனை பேர் காத்திருந்தும் ஒரு தாளில் கண்ணை வரைந்து காட்டினீர்கள். கண்ணுக்குள் நிறைந்திருக்கும் ஜெலி வயது போகப்போகச் சுருங்கி விழித்திரையை விட்டு விலகுமாம். ஐம்பது தாண்டிய பலருக்கு இது நடக்கும், பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. சிலருக்குத்தான் விலகும்போது விழித்திரையை இழுத்துக் கிழித்துவிடும். அந்த இழுவைதான் மின்னலாகத் தெரிந்தது. கிழிசலுக்குள்ளால் நீர் இறங்க, ஈரச்சுவரில் ஒட்டிய தாள்போல விழித்திரை கழன்று வரும். என்னைப் போல் கிட்டப்பார்வை கூடியவர்களுக்கும், கண்ணில் அடிபட்டவர்களுக்கும், கற்றரக்ட் (கண்புரை) சத்திரசிகிச்சை செய்தவர்களுக்கும் இந்த ஆபத்து அதிகம். கிழிசல் மேலே, நிழல் ஏன் கீழே என்று கேட்டேன். கண்ணுக்குள் படம் தலைகீழாகத்தான் விழுகிறது என்று சிரித்தீர்கள். கணக்குக்காரிக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது.

அதன்பிறகு சொன்னது பிடிக்கவில்லை. செவ்வாய் இரவே புறப்பட்டு வந்திருந்தால், கிழிசலைச் சுற்றி லேசர் அடித்து அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருக்கலாமாம். என்றாலும் எழுத்து வாசிக்கிற நடுப்பகுதி, மக்கியூலா, இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அது கழன்றால் பிறகு என்னதான் ஒட்டவைத்தாலும் பழைய பார்வை முழுதாக வருவது கஷ்டம். அதனால் வெள்ளிக்கிழமையே சத்திரசிகிச்சை. ஜெலியை எடுத்து, கிழிசலை ஒட்டி, உள்ளே வாயுக்குமிழி ஒன்றை விட்டார்கள். ஒரு சதமும் கேட்கவில்லை. இலவச வைத்தியம் என்று வாயால் சொல்வது சுலபம். வெளியே விலை விசாரித்த என் கூடப்பிறந்த தம்பிக்குத்தான் அதன் பெறுமதி தெரியும்.

வரிசையிலும் விடுதியிலும் கூட இருந்தவர்களையும் மறக்க மாட்டேன். கண்ணில் சுண்ணாம்பு தெறித்த மேசன் தம்பியின் மனைவி, வைத்தியசாலைக்கு ஓடாமல் முதலில் குழாயடியில் அரை மணித்தியாலம் கண்ணைக் கழுவியிருக்கிறார். அதுதான் சரியான வேலை என்று வைத்தியர் எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். கொட்டாஞ்சேனை ஆச்சி ஒருவருக்குக் கண் சிவந்து, தலை பிளக்கிற வலி, மின்குமிழைச் சுற்றி வானவில் வளையம், வாந்தி. வாந்தி எடுத்ததால் பித்தம் என்று வீட்டில் இஞ்சி கொடுத்திருக்கிறார்கள். கண்ணுக்குள் அழுத்தம் திடீரென்று ஏறியிருந்திருக்கிறது. பக்கத்துக் கட்டில் அக்காவின் கணவர் கதை இன்னும் பயங்கரம். காலையில் சாப்பாட்டுக் கோப்பையின் இடது பாதி அவருக்குத் தெரியவில்லை, பேச்சும் குழறியிருக்கிறது. கண் கிளினிக்குக்கு நாள் எடுத்துக்கொண்டு திரிந்திருக்கிறார்கள். அது பக்கவாதம். இப்போது அக்கா கண்டவர் நின்றவருக்கெல்லாம் 1990 அம்பியுலன்ஸ் இலக்கத்தைச் சொல்லிக்கொடுக்கிறார். இரண்டு கண்ணிலும் பாதி மறைந்தாலும், ஒரு கண் சட்டென்று இருண்டு பத்து நிமிடத்தில் திரும்பி வந்தாலும் அழையுங்கள் என்கிறார். திரும்பி வந்துவிட்டதே என்று சும்மா இருக்கக் கூடாதாம்.

ஐந்து நாள் குப்புற முகத்தோடு கிடந்தேன். தலையணையை வளைத்து மூக்குக்கு இடம் செய்து தந்த இரவுத் தாதி மிஸ், உங்கள் கைக்கு ஒரு கும்பிடு. வீட்டுக்கு வரும்போது கையில் கட்டிவிட்ட பட்டியை விளையாட்டு என்று நினைத்தேன். குமிழி கரையும்வரை விமானம் ஏறக் கூடாது, மேலே போகப்போக வாயு விரிந்து கண்ணுக்குள் அழுத்தம் ஏறும் என்று சொன்னீர்கள். ரொறொன்ரோவில் மகளின் முதல் பிள்ளைக்கு 31ஆம் நாள் சடங்கு. அந்தப் பயணச்சீட்டைப் பின்தள்ளித் தந்த பயண முகவர் நிலையப் பிள்ளைக்கும் நன்றி. தங்கச்சியோ, ஓய்வுக்கு நுவரெலியாவுக்கு வா என்று அறையும் பார்த்துவிட்டாள். அதற்கும் நீங்கள் குறுக்கே நின்றீர்கள். 1,868 மீற்றர் உயரமும் இந்தக் கண்ணுக்குக் கூடாதாம். தங்கச்சிக்கு இன்றைக்கும் கொஞ்சம் கோபம்.

கண்ணுக்குள் குமிழி எப்படி இருக்கும் என்று கேட்கிறவர்களுக்கு: மேசன்மார் வைத்திருக்கும் நீர்மட்டம் போல. தலையை ஆட்டினால் கோடு ஆடும். மேலிருந்து தெளிவு இறங்கிக்கொண்டே வரும். போன வாரம் அது அடியில் ஒரு பொட்டாகி, ஒருநாள் காலை காணாமல் போயிருந்தது. கொஞ்சம் தனிமையாகக்கூட இருந்தது.

திங்கள் முதல் வேலைக்குப் போகிறேன். வலக்கண்ணால் பேரேட்டின் சின்ன எழுத்தை வாசிக்க முடிகிறது. நேர்கோடு சிறிது நெளிகிறது. மற்றக் கண்ணையும் மாதாமாதம் காட்டச் சொல்லியிருக்கிறார்கள், காட்டுகிறேன்.

தம்பி, சத்திரசிகிச்சைக்குப் பிறகு பவர் மாறுமாம், அது நிலைக்கச் சில மாதம் ஆகுமாம். நிலைத்ததும் கடைக்கு வருவேன். பிரேம் ஒன்றை ஏற்கனவே கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்து வைத்துவிட்டேன், மேல் தட்டில் இடமிருந்து மூன்றாவது. விலை குறைக்க வேண்டாம்.

வெள்ளவத்தையிலிருந்து,
சோடாப் போத்தல்