‘தெரியுதா?’ என்று கேளாதே

யாழ்ப்பாணம்
24.05.2026

அன்புள்ள மகளுக்கு,

சிக்காகோ அட்லர் கோளரங்கத்தில் இந்தக் கோடைக்கு உன்னைப் பயிலுநராக எடுத்திருக்கிறார்கள் என்று சின்னம்மா சொன்னா. எங்கள் எல்லாருக்கும் பெரிய சந்தோஷம். உன்னைப் பார்வையாளர் மேசையிலும் வெளியே சூரியன் காட்டும் தொலைநோக்கியிலும் நிறுத்தப்போகிறார்களாம் என்றும் சொன்னா. அதனால்தான் இந்த நீளக் கடிதம். ஆறுதலாக இருந்து வாசி, தேவையானதைக் கொப்பியில் குறித்துவை.

முதலில் சூரியன். இதில் விட்ட பிழையைப் பிறகு திருத்த முடியாது. 70 மில்லிமீற்றர் வில்லை உள்ள சின்னத் தொலைநோக்கி என்று வைத்துக்கொள். வெயிலில் எங்கள் கண்மணி ஏறத்தாழ 2 மில்லிமீற்றருக்குச் சுருங்கியிருக்கும். 70ஐ 2ஆல் பிரித்தால் 35. அகலம் 35 மடங்கென்றால் பரப்பு 35 தர 35, அதாவது 1,225 மடங்கு. வெறும் கண்ணாலேயே பார்க்கக்கூடாத சூரியனை அத்தனை மடங்கு வெளிச்சத்தோடு கண்ணுக்குள் அனுப்புகிறாய். விழித்திரைக்கு நோவு தெரியாது. சுடும்போது ஒன்றும் உணராமல், வீட்டுக்குப் போன பிறகுதான் நடுப்பார்வையில் ஒரு மறைப்பு இருப்பது தெரியவரும்.

ஆகவே சூரிய வெளிச்சத்தைக் குறைக்கும் படலமான வடிகட்டி குழாயின் முன்வாயில், சூரியனைப் பார்த்த பக்கத்தில்தான் இருக்கவேண்டும். கண் வைத்துப் பார்க்கும் கண்வில்லையில் திருகிப் பூட்டுகிற சின்னக் கறுப்புக் கண்ணாடி ஏதாவது பழைய பெட்டிக்குள் கிடந்தால் அதைத் தொடாதே, பொறுப்பானவரிடம் கொடுத்துவிடு. முழு வெப்பமும் குவிகிற இடத்தில் அது இருக்கும். ஒருவர் கண் வைத்திருக்கும்போதே வெடிக்கக்கூடும். ஒவ்வொரு நாளும் வெளியே கொண்டுபோக முதல் வடிகட்டியை ஒரு பிரகாசமான மின்குமிழுக்கு நேரே பிடித்துப் பார். ஊசிமுனைத் துளை இருந்தால் நட்சத்திரம் போல மின்னும். அப்படி ஒன்று தெரிந்தால் அன்றைக்கு அது வேண்டாம். படலம் கொஞ்சம் சுருங்கியிருப்பது பழுதல்ல, இழுத்துத் தட்டையாக்கப் போகாதே. பூட்டிய பிறகு மூன்று இடத்தில் ரேப் ஒட்டு. நீ நிற்கப்போகும் இடம் ஏரிக்கரை. ஒரு காற்றில் அது கழன்று போனால், அந்த நேரத்தில் கண் வைத்திருப்பது ஒரு சின்னப் பிள்ளையாகவும் இருக்கலாம்.

குழாயின் மேலே இருக்கிற சின்னத் தேடுநோக்கியை மறந்துபோகிறவர்கள் கனபேர். அதைக் கழற்றி வை, அல்லது மூடி போட்டு அதற்கும் ரேப் ஒட்டு. பிள்ளைகள் பெரிய குழாயில் இடம் கிடைக்காவிட்டால் அதற்குள்தான் எட்டிப் பார்ப்பார்கள். தேடுநோக்கி இல்லாமல் சூரியனைப் பிடிப்பது சுகம். குழாயின் நிழலை நிலத்தில் பார். நீளமாக விழுந்த நிழல் சுருங்கிச் சுருங்கி ஒரு வட்டமாக வரும்போது குழாய் சூரியனுக்கு நேரே நிற்கிறது.

அடுத்தது கிரகணக் கண்ணாடி. 2024 ஏப்ரல் 8இல் சிக்காகோவில் சூரியன் ஏறத்தாழ 94 வீதம் மறைந்தது. அப்போது வாங்கிய அட்டைக் கண்ணாடிகள் அந்த ஊரில் வீட்டுக்கு வீடு கிடக்கும். அதைப் போட்டுக்கொண்டு வந்து தொலைநோக்கிக்குள் பார்க்க வெளிக்கிடுவார்கள். இரட்டைப் பாதுகாப்பு என்று நினைப்பார்கள். நீ அதைக் கழற்றச் சொல்லவேண்டும், ஏனென்றும் சொல்லவேண்டும்: அந்தக் கண்ணாடி வெறும் கண்ணால் பார்ப்பதற்கு மட்டும். முன்வாயில் வடிகட்டி உள்ள தொலைநோக்கியில் அதைப் போட்டால் எல்லாம் இருட்டாக இருக்கும். அதுவே பழகி, வடிகட்டி இல்லாத தொலைநோக்கியில் போட்டுப் பார்த்தால் குவிந்த வெளிச்சம் படலத்தை எரித்துக்கொண்டு கண்ணுக்குள் போய்விடும். கிரகணம் என்றால் எங்கள் சனம் எக்ஸ்ரே படத்தையும் புகை பிடித்த கண்ணாடியையும் மஞ்சள் தண்ணீரையும் தேடுகிறது போலத்தான் இதுவும். கையில் ஏதோ ஒன்று இருக்கிறது என்ற துணிவுதான் ஆபத்து.

தொலைநோக்கியைத் தனியே விட்டு ஒரு நிமிடமும் நகராதே. தண்ணீர் குடிக்கப் போவதென்றாலும் மூடி போட்டு, குழாயை நிலத்தைப் பார்க்கத் திருப்பிவிட்டுப் போ.

இனிப் பார்வையாளர். முன்வில்லையில் இருந்து வெளிச்சம் குவியும் இடம்வரை உள்ள குவியத்தூரம் 900 மில்லிமீற்றர் என்றால், 25 மில்லிமீற்றர் கண்வில்லை போட்டால் 36 மடங்கு உருப்பெருக்கம் வரும். சூரியன் முழுதாகத் தெரியும், சுற்றிவர இடமும் இருக்கும். 10 மில்லிமீற்றர் வில்லையைப் போடும் ஆசை வரும், விட்டுவிடு. அதில் கண்ணை நன்றாக ஒட்டி வைக்கவேண்டும், மூக்குக்கண்ணாடி போட்டவர்களுக்கு ஒன்றும் தெரியாது. கண்ணாடியைக் கழற்றச் சொல்லாமல் கண்வில்லையின் ரப்பர் விளிம்பை மடித்துவிடு. ஒவ்வொருவரும் கழற்றிக் குவியத்தைத் திருப்பினால் அடுத்தவருக்குக் கலங்கலாக இருக்கும், வரிசையும் நின்றுவிடும்.

பூமி சுழல்கிறபடியால் சூரியன் தன் அகலத்தளவு தூரத்தை இரண்டு நிமிடத்தில் கடந்துவிடும். நடுவில் வைத்தால் மூன்றாவது, நான்காவது ஆள் வரும்போது பாதிச் சூரியன்தான் இருக்கும். அதனால் அது உள்ளே வருகிற விளிம்புப் பக்கம் வைத்துவிடு, தானாக நடுவுக்கு நகர்ந்து வரும். இரண்டு பேருக்கு ஒருமுறை நீயே பார்த்துச் சரிசெய். முக்காலியின் கால்களை முழுக்க நீட்டாதே, நடுவில் ஒரு பாரமான பையைத் தொங்கவிடு. சீமெந்துத் தரையை விடப் புல்லில் வைப்பது நல்லது. சூடேறிய தரையில் இருந்து எழும் காற்று சூரியனின் விளிம்பைக் கொதிக்கிற பால் போல ஆட்டும். சின்னப் பிள்ளைகள் கண்வில்லையைப் பிடித்து இழுத்துத்தான் பார்ப்பார்கள். கையைப் பின்னுக்குக் கட்டிக்கொண்டு பார்க்கச் சொல்லு, அவர்களுக்கு அது விளையாட்டாகவும் இருக்கும்.

இந்தக் கடிதத்தில் ஒன்றே ஒன்றுதான் மனதில் நிற்குமென்றால் இது நிற்கட்டும். ஒருவர் கண் வைத்ததும் ‘தெரியுதா?’ என்று கேளாதே. கேட்டால் எல்லாரும் ‘ஓம்’ என்றுதான் சொல்லுவார்கள். பின்னால் வரிசை நிற்கும், பக்கத்தில் ஒரு பிள்ளை இவ்வளவு ஆசையாகக் காட்டிக்கொண்டு நிற்கும், இல்லை என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? தன் கண்மயிரை மட்டும் பார்த்தவரும் ‘வடிவாய் இருக்கு’ என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். சூரியனைப் பார்க்காமலே போய்விடுவார், அதுதான் என் கவலை. ‘எத்தனை கறுப்புப் புள்ளி இருக்கு?’, ‘பெரிய புள்ளி எந்தப் பக்கம்?’ என்று கேள். பதில் சரியென்றால் பார்த்துவிட்டார். பிழையென்றால், அல்லது தயங்கினால், கண்ணைக் கொஞ்சம் பின்னே எடுத்து மெல்ல மெல்லக் கிட்ட வரச் சொல்லு. பெரும்பாலும் அவ்வளவுதான் பிரச்சினை. இதற்கு நீ முதலில் பார்த்துப் புள்ளி எங்கே என்று தெரிந்துவைத்திருக்கவேண்டும். குழாயில் திருப்பு கண்ணாடி இருந்தால் இடம் வலமாக மாறித் தெரியும் என்பதும் நினைவிருக்கட்டும்.

பார்க்க முதல் ஒரு வசனத்துக்கு மேல் கதைக்காதே. கண் கண்ட பிறகு கேள்வி அவர்களிடம் இருந்து வரும், அப்போது சொல்லு: சூரியனின் மேற்பரப்பு ஏறத்தாழ 5,500 பாகை செல்சியஸ், புள்ளியின் நடு அதைவிட ஆயிரக்கணக்கான பாகை குறைவு, காந்தப்புலம் கீழிருந்து வரும் சூட்டைத் தடுப்பதால் பக்கத்தோடு ஒப்பிடக் கறுப்பாகத் தெரிகிறது. 2024இன் கடைசிப் பக்கம் புள்ளிகள் உச்சத்தில் இருந்தன, இப்போது குறைந்துகொண்டு போகின்றன. ஒரு புள்ளியும் இல்லாத நாளும் வரும். அன்றைக்கு ‘நடுவும் விளிம்பும் ஒரே வெளிச்சமா?’ என்று கேள். விளிம்பு மங்கலாக இருக்கும். அங்கே நாங்கள் சரிவாகப் பார்ப்பதால் மேலே உள்ள, சூடு குறைந்த அடுக்குத்தான் கண்ணுக்கு வருகிறது.

மழை பெய்து மேசைக்குள் ஒதுங்கினால் சமையலறையே போதும். 22 சென்ரிமீற்றர் அகலமான பலகாரத் தட்டு ஒன்று சூரியன். அந்த அளவில் பூமி 2 மில்லிமீற்றர், ஒரு கடுகு. சந்திரன் அரை மில்லிமீற்றர், ஒரு ரவை மணி, கடுகில் இருந்து 6 சென்ரிமீற்றர் தள்ளி. வியாழன் ஒரு நெல்லிக்காய். இப்போது கடுகைப் பார்வையாளரின் கையில் கொடுத்து, தட்டில் இருந்து எவ்வளவு தூரத்தில் வைக்கவேண்டும் என்று கேள். அநேகமானோர் மேசைக்குள்ளேயே வைப்பார்கள். உண்மையில் 23 மீற்றரும் அரையும். அவர்களையே எண்ணி நடக்க விடு. நெல்லிக்காய் 120 மீற்றருக்கும் அப்பால், கட்டடத்தைத் தாண்டிப் போய்விடும். அடுத்த விண்மீனான புரொக்சிமா சென்ரோறி ஏறத்தாழ 6,300 கிலோமீற்றர், அதாவது சிக்காகோவில் இருந்து லண்டன். பெரியம்மா வீட்டு வாசலில் கொண்டுபோய் வைக்கவேண்டும்.

கல்லோடு வருவார்கள். ‘இது விண்கல்லா?’ என்று கேட்பார்கள். 2017 பெப்ரவரி 6 அதிகாலையில் மிச்சிகன் ஏரிக்கு மேலே ஒரு எரிகல் வெடித்துத் துண்டுகள் ஏரிக்குள் விழுந்தன. அட்லரில் உன் வயதுப் பிள்ளைகள் காந்தம் பூட்டிய ஒரு சறுக்குவண்டி செய்து ஏரியின் அடியில் இழுத்துத் தேடினார்கள். ஆதலால் காந்தம் ஒட்டினால் விண்கல் என்று நம்பிக்கொண்டு வருபவர்கள் இருப்பார்கள். அநேகமான விண்கற்களில் இரும்பும் நிக்கலும் உண்டு, காந்தம் ஒட்டும், உண்மைதான். உலைக் கழிவும் ஒட்டும், மக்னரைற் என்ற இரும்புக் கனியமும் ஒட்டும். கல்லுக்குள் காற்றுக் குமிழி இருந்தால் அது அநேகமாக உலைக் கழிவு. பூச்சில்லாத ஓட்டில் உரசிப் பார்: கறுப்புக் கோடு விழுந்தால் மக்னரைற், செங்கபிலக் கோடு விழுந்தால் ஹேமரைற். விண்கல் பெரும்பாலும் கோடே போடாது. ஆனால் எடுத்த எடுப்பில் ‘இல்லை’ என்று சொல்லிவிடாதே. எங்கே எடுத்தீர்கள், பக்கத்தில் என்ன மாதிரியான கற்கள் இருந்தன என்று கேள். யாழ்ப்பாணம் முழுக்கச் சுண்ணக்கல், இங்கே வயலில் ஒரு கருங்கல் கிடந்தால் யாரோ கொண்டுவந்து போட்டதுதான் என்று உடனே சொல்லலாம். சிக்காகோவில் அப்படி இலகுவல்ல. கல்லைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிற ஆளுக்கு நீ அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதே பெரிய மதிப்பு.

ராசி கேட்பவர்களும் உண்டு. முகத்தைச் சுளிக்காதே, நல்ல கேள்வி அது. மேல்நாட்டு மேட ராசி மார்ச் 21 அளவில் தொடங்குகிறது, எங்கள் சித்திரை வருடப்பிறப்பு ஏப்ரல் 14இல். ஏன் இந்த 24 நாள்? பூமியின் அச்சு பம்பரம் போல ஆறுதலாகத் தலையாட்டுகிறது, 72 வருடத்துக்கு ஒரு பாகை. மேல்நாட்டுக் கணக்கு பருவத்தைப் பிடித்துக்கொண்டது, எங்கள் கணக்கு விண்மீன்களைப் பிடித்துக்கொண்டது. பலன் சொல்வதை விட்டுவிட்டு இதைச் சொல்லு. விடை தெரியாத கேள்வி வந்தால் ‘தெரியாது’ என்று சொல்லி, அவரோடு சேர்ந்து தேடு.

வேலை இல்லாத நேரம் இரண்டு இடத்தில் போய் நில். ஒன்று அட்வூட் கோளம். 1913இல் மெல்லிய தகட்டால் செய்த 15 அடிக் கோளம், 692 துளைகள், துளை வழியே வருகிற வெளிச்சந்தான் விண்மீன்கள். அதற்குள் இருந்து கார்த்திகை, ரோகிணி, திருவாதிரை எல்லாவற்றையும் எங்கள் பெயரில் தேடு. அகத்தியரைத் தேடாதே. அந்த விண்மீன் சிக்காகோவில் தொடுவானத்துக்கு மேலே வருவதில்லை. மற்றது விண்மீன்களின் உயரத்தை அளக்கும் பழைய வானளவிகளும் சூரியக் கடிகாரங்களும் இருக்கிற பகுதி. கடிகாரத்தின் சரிந்த தகடு எத்தனை பாகை என்று பார், அது எந்த ஊருக்காகச் செய்யப்பட்டதோ அந்த ஊரின் அகலக்கோட்டைச் சொல்லும். யாழ்ப்பாணத்துக்கென்றால் 10 பாகையும் வராது, சிக்காகோவுக்கு 42. கையை நீட்டி முட்டியைப் பொத்தினால் 10 பாகை. துருவ நட்சத்திரம் இங்கே ஒரு முட்டி உயரத்தில் பனைகளுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும், உனக்கு நாலு முட்டிக்கு மேல்.

தொப்பியும் தண்ணீரும் மறக்காதே. ஏரிக் காற்றில் வெயில் உறைக்காது, ஆனால் தோல் கறுக்கும்.

இன்னொன்று. யூன் 21 அன்று நேர் 1 மீற்றர் தடி ஒன்றை மட்டமான தரையில் நிறுத்து. அங்கே சூரியன் உச்சிக்கு வருவது 12 மணிக்கு அல்ல, 12.52 அளவில். அப்போது நிழலின் நீளத்தை அள, எந்தத் திசையில் விழுகிறது என்றும் எழுது. கிட்டத்தட்ட 33 சென்ரிமீற்றர், வடக்குப் பக்கம் வரவேண்டும். இங்கே எங்கள் 12.12க்கு நானும் முற்றத்தில் ஒரு மீற்றர் தடி வைத்து அளக்கிறேன். 24 அல்லது 25 சென்ரிமீற்றர் வரும், ஆனால் தெற்கே விழும். இரண்டு நிழலின் கோணத்தையும் கூட்டினால் எங்கள் இரண்டு ஊருக்கும் உள்ள அகலக்கோட்டு வித்தியாசம், 32 பாகை வரும். இரண்டு படத்தையும் ஒரே அட்டையில் ஒட்டி மேசையில் வைத்து, ‘நிழல் ஏன் எதிர்ப்பக்கம் விழுது?’ என்று வருகிறவர்களைக் கேள். யாராவது சரியாகச் சொன்னால் எனக்கு எழுது.

அன்புடன்,
அம்மா