முகம் சரியானதும் கண்ணைக் கவனித்தவர்களுக்கு நன்றி

விபத்தில் நொறுங்கிய கன்ன எலும்பையும் கண்குழியின் அடித்தளத்தையும் டைட்டானியம் தகடு வைத்துச் சேர்த்த பிறகு, பார்க்க வந்தவர்கள் எல்லாரும் முகம் பழையபடி ஆகிவிட்டது என்றார்கள். ஆகித்தான் இருந்தது, அந்த மருத்துவர்களுக்கு முதல் கும்பிடு. ஆனால் கண் அடம்பிடித்தது: தழும்பு இழுத்ததில் கீழிமை இறங்கிப்போய்த் தூக்கத்தில்கூட கண் முழுசாக மூடவில்லை, போதாததற்கு எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது.

அறுவை சிகிச்சை முடிந்த அன்று இரவு தூங்க விடாமல் டார்ச் அடித்து "எத்தனை விரல் தெரியுது?" என்று கேட்டுக்கொண்டே இருந்த செவிலியர் அக்காவுக்கு நன்றி. கண்ணுக்குப் பின்னால் ரத்தம் கட்டினால் அழுத்தம் ஏறிச் சில மணி நேரத்திலேயே பார்வை போய்விடலாம் என்பது அப்புறம்தான் எனக்குத் தெரிந்தது.

கண் டாக்டரிடம் போனபோது, "தண்ணீர் வழிந்துகொண்டே இருக்கிறதே, இதைப் போய் உலர்ந்த கண் என்கிறீர்களே" என்று சண்டைக்கே போய்விட்டேன். அவர் ஆரஞ்சுச் சாயம் தொட்டு வைத்து, நீல வெளிச்சத்தில் எடுத்த படத்தைக் காட்டினார். மூடாமல் காய்ந்த கருவிழியின் கீழ்ப்பகுதி முழுக்கப் பச்சைப் புள்ளிகள், காய்ந்து பாதித்த இடங்களில் சாயம் ஒட்டி அப்படித் தெரிகிறதாம். காய்ந்த கண் உறுத்தும், உறுத்தினால் தண்ணீர் சுரக்கும், இறங்கிய இமையில் அது தங்காமல் வழிந்துவிடும் என்று பொறுமையாகச் சொன்னார். பதப்பொருள் (மருந்து கெடாமல் இருக்கப் போடும் ரசாயனம்) சேர்க்காத சொட்டு மருந்து, ராத்திரிக்குக் களிம்பு, இமைக்கு டேப், எல்லாம் அவர் எழுதிக் கொடுத்ததுதான்.

அந்த டேப்பை ஒட்டியது என் தங்கை. களிம்பு போட்டு, மேலிமையை முழுசாக இறக்கிப் பிடித்துக்கொண்டுதான் ஒட்ட வேண்டும், உள்ளே கண் திறந்துகொண்டால் டேப்பே கருவிழியைக் கீறிவிடும். ஒட்டி முடித்துச் செல்போன் வெளிச்சத்தில் ஓரம் ஓரமாகப் பார்த்த பிறகுதான் தூங்கப் போவாள். நேரில் நன்றி சொன்னால் திட்டுவாள், அதனால் இங்கே.

மூக்குக்கண்ணாடியில், வெளிச்சத்தைத் திருப்பிவிடும் பிரிசம் தாளை ஒட்டி இரண்டு உருவத்தை ஒன்றாக்கிய கண் பரிசோதகருக்கும் நன்றி. கொஞ்சம் மங்கல்தான், படியிறங்கும்போது இன்னமும் இரண்டாகத்தான் தெரிகிறது, ஆனால் நேராகப் பார்த்தால் ஒரு ஆள் ஒரே ஆளாக நிற்கிறார், அது போதும். தழும்பு இளக மாதக்கணக்கில் ஆகும், அவசரப்படாதே என்று தேற்றிய, இதே பாடு பட்ட நண்பர்களுக்கும் என் அன்பு.

அடுத்த மாதம் கீழிமையைத் தூக்கி வைக்க இன்னொரு சின்ன அறுவை சிகிச்சை இருக்கிறது. தங்கச்சி, டேப் இன்னொரு சுருள் வாங்கி வை.